பின்சில்லுக்குப் பின்னால் 24 கிலோ: ஒரு 200 சிசி பைக்கின் மூன்று பழுதும் அவற்றின் காரணமும்

பைக் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி. பாதை, யாழ்ப்பாணத்தில் இருந்து வடமராட்சி கிழக்குக் கரையால் மணற்காடு, கட்டைக்காடு, சுண்டிக்குளம். பிறகு மருதங்கேணிப் பக்கம் திரும்பி ஏ9 வீதிக்கு ஏறி ஆனையிறவு, பரந்தன், ஏ35 வீதியால் புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு. அங்கிருந்து மாங்குளம், மல்லாவி, வெள்ளாங்குளம் வந்து ஏ32 வீதியால் பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம், வீடு. தார், கிரவல், கடற்கரை மணல் மூன்றும் கலந்த சுற்று. மழை இல்லாத, தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலம்.

திரும்பி வந்தபோது பைக்கில் மூன்று பழுது இருந்தது. பின் கரியரைச் சட்டத்தோடு பிடிக்கும் இடப்பக்க போல்ற் முறிந்திருந்தது. பின்சில்லில் இரண்டு கம்பி உடைந்து, மேலும் ஒன்பது கம்பி தளர்ந்திருந்தன. பின் ரியூப் வால்வின் அடியில் கிழிந்திருந்தது. பைக்காரரின் கணக்கு: போல்ற் மட்டமானது, கம்பி மலிவானது, ரியூப் பழையது, மூன்றையும் மாற்றினால் சரி. அப்படி மாற்றியிருந்தால் அடுத்த ஓட்டத்திலும் அதே மூன்றும்தான் போயிருக்கும். அதனால் எதையும் கழற்றாமல், போன பாரத்தோடேயே பைக்கை நிறுத்தி அளவெடுத்தோம்.

நிறை எங்கே இருந்தது

இந்தப் பைக்கின் நிறை ஏறக்குறைய 158 கிலோ, இரு அச்சுகளுக்கும் இடையில் 1410 மி.மீ., முன் 21 அங்குலச் சில்லு, பின் 18. ஓட்டுபவர் 74 கிலோ. சாமான் 24 கிலோ: 45 லீற்றர் பிளாஸ்ரிக் பெட்டி, அதற்குள் பைக் திருத்தும் ஆயுதங்களும் உடுப்பும் அடுப்பும், பெட்டிக்கு மேலே கூடாரம், பின்னால் 5 லீற்றர் பெற்றோல் கலன்.

சில்லு சில்லாக நிறுக்க மூட்டை நிறுக்கிற மேடைத் தராசு போதும். முன்சில்லைத் தராசில் ஏற்றி, தராசின் உயரத்துக்குச் சமமான பலகையில் பின்சில்லை வைக்கவேண்டும். ஓட்டுபவர் சீற்றில் இருந்து கால் இரண்டையும் மிதியில் வைக்க, இன்னொருவர் விழாமல் மட்டும் பிடிக்கவேண்டும். பலகை தாழ்ந்திருந்தால் கணக்குப் பிழைக்கும். பிறகு மாற்றிப் பின்சில்லை நிறுக்கலாம்.

சாமான் இல்லாமல் முன்னுக்கு 100 கிலோ, பின்னுக்கு 132 வந்தது. சாமானோடு முன்னுக்கு 96, பின்னுக்கு 160. ஏற்றியது 24 கிலோ. பின்சில்லில் கூடியது 28. மேலதிகமாக வந்த 4 கிலோ முன்சில்லில் இருந்து கழன்றது. பெட்டியின் நடு பின் அச்சைத் தாண்டி 250 மி.மீ. பின்னால் இருந்ததால் அச்சு தாங்குகட்டையாகிவிட, பெட்டி முன்பக்கத்தைத் தூக்குகிறது. மணலில் ஹான்டில் ஆடியதற்கும், சங்குப்பிட்டிப் பாலத்தில் பக்கக் காற்றுக்கு முன்சில்லு ஒதுங்கியதற்கும் இதுவே காரணம். பண்ணைத் தாம்போதியில் சோளகத்துக்கு ஓடிப் பழகியவர்களுக்கு அந்த ஒதுக்கம் தெரியும். உயரப் பெட்டி வைத்த சின்னப் பைக்கில் அது இன்னும் கூடும்.

அடுத்தது பின் ஷொக் எவ்வளவு தாழ்ந்தது என்பது. பின்சில்லு நிலத்தில் படாமல் தொங்கும்போது அச்சில் இருந்து சீற்றின் அடியில் ஒரு குறி வரை அளந்து, பிறகு ஆளும் சாமானும் ஏறியபின் அதே தூரத்தை அளக்கவேண்டும். வித்தியாசம் 82 மி.மீ. பின்சில்லு மேலேறக்கூடிய மொத்தத் தூரமே 170 மி.மீ. பள்ளம் ஒன்றும் வராமலே பாதி போய்விட்டது. மூன்றில் ஒரு பங்கு, அதாவது 50 முதல் 57 மி.மீ., என்பதே ஓடக்கூடிய அளவு. மிச்சம் 88 மி.மீ. மட்டும் இருக்கிற ஷொக், கிரவல் வீதியின் ஒவ்வொரு ஆழப் பள்ளத்திலும் அடிமட்டத்தில் இடிக்கும். அந்த இடி முழுவதையும் பிறகு சில்லும் கம்பியும் கரியரும்தான் வாங்கவேண்டும்.

முறிந்த போல்ற்

முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கதை தெரியும். முக்கால் பங்கு மினுக்கமாக, ஓரத்தில் இருந்து உள்ளே போகும் மெல்லிய வளைவு வரிகளோடு இருந்தது. கால் பங்கு மட்டும் சொரசொரப்பாக இருந்தது. ஒரே அடியில் முறிந்திருந்தால் முழுவதும் சொரசொரப்பாக இருக்கும். வரி வரியாக இருப்பது, ஓட்டம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறல் ஓடி, கடைசிக் கால் பங்கு தாங்காமல் போனதைக் காட்டுகிறது. கரியர்த் துளையும் நீள்வட்டமாகித் தேய்ந்திருந்தது. அப்படியென்றால் முறிய முதலே போல்ற் தளர்ந்து, கரியர் அதன்மேல் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

போல்ற் ஒன்று நன்றாக இறுகியிருக்கும் வரை பாரத்தைத் தாங்குவது போல்ற்றின் உடம்பு அல்ல. இரண்டு தகடும் ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கும் உராய்வுதான் தாங்குகிறது. தளர்ந்ததும் உராய்வு போய், ஒவ்வொரு குலுக்கலுக்கும் போல்ற் வளைந்து நிமிர்கிறது. அச்சுக்குப் பின்னால் தொங்கும் பெட்டி அந்த வளைவைக் கூட்டுகிறது.

திருத்தம் இப்படி. எம்8, அதாவது 8 மி.மீ. தடிப்புள்ள போல்ற், தலையில் 8.8 என்ற பலக் குறி அடித்தது. தலையில் ஒன்றும் அடிக்காத போல்ற்றைக் கரியருக்குப் பூட்டவேண்டாம். இரண்டு பக்கமும் அகன்ற வாசர். நைலோன் வளையம் உள்ள நட், அல்லது சட்டத்தில் மரை வெட்டியிருந்தால் நீலநிற மரைப் பசை. சாதாரண எம்8 8.8 போல்ற்றுக்கு 25 நியூட்டன் மீற்றர் இறுக்கம். சட்டத்தில் வெல்டிங்கால் ஒட்டிய மெல்லிய நட்டுக்கு 20 போதும், அதற்கு மேலே போனால் மரை கழன்று வரும். இறுக்கியபின் போல்ற்றின் தலையில் இருந்து கரியர் வரை வெள்ளைப் பெயின்ரால் ஒரு கோடு. கோடு விலகினால் கையால் தொடாமலே தளர்வு தெரியும். நீள்வட்டமான துளையை வெல்டிங்கால் ஒட்டி நிரப்பி மறுபடி துளைக்கவேண்டும். பெரிய வாசரால் மறைத்து ஓடினால் அது திரும்ப ஆடும்.

கம்பிகள்

உடைந்த இரண்டும் பிரேக் தட்டுப் பக்கத்தில், சில்லின் நடுக்குடத்தில் கொக்கி போல வளையும் இடத்திலேயே உடைந்திருந்தன. கம்பி மெலிந்ததால் உடைந்தது என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. இறுகிய கம்பி சில்லு சுற்றும்போது தன் இழுப்பில் கொஞ்சத்தை மட்டும் விட்டுப் பிடிக்கும். தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் முழுவதும் விட்டு, திரும்ப வெடுக்கென்று இழுபடும். அந்த வளைவில் அது களைத்து உடையும். ஒன்று போனதும் பக்கத்துக் கம்பி அதன் பங்கையும் எடுக்கும். 160 கிலோவும் அடிமட்டத்தில் இடிக்கும் ஷொக்கும் சேர்ந்தால் இந்த வரிசை விரைவாக நடக்கும்.

பார்ப்பது சுலபம். பைக்கை நடு ஸ்ரான்டில் அல்லது ஒரு கட்டையில் ஏற்றி, சில்லை மெதுவாகச் சுற்றிக்கொண்டு சின்னச் சாவியால் ஒவ்வொரு கம்பியையும் தட்டவேண்டும். இறுகியது ‘டிங்’ என்னும். தளர்ந்தது ‘டொக்’ என்னும். கம்பியை றிம்மில் இறுக்கும் நிப்பிளை ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பவேண்டாம். அடுத்தடுத்துத் திருப்பாமல் இரண்டு விட்டு மூன்றாவது என்று மூன்று சுற்றில் முடித்தால் றிம் கோணாது. புதுக் கம்பி போட்ட சில்லை முதல் 100 கிலோமீற்றரிலும், மணலில் இருந்து வெளியே வந்ததும் திரும்பத் தட்டிப் பார்க்கவேண்டும். நிப்பிளின் மரை உப்புக் காற்றால் பிடித்திருந்தால் முதல்நாள் இரவே ஊடுருவும் எண்ணெய் விட்டு வைக்கவேண்டும். காய்ந்த நிப்பிளைப் பலவந்தப்படுத்தினால் அது வட்டமாக உருண்டு சாவிக்கே பிடிபடாது.

வால்வு

இது மூன்றிலும் ஆபத்தானது. ஓட்டத்தின் நடுவே பின்ரயர் ஒரேயடியாகக் காற்றிறங்கினால் பைக் விழும். வால்வின் அடி கிழிந்த ரியூபை ஒட்டவும் முடியாது.

மணலுக்காகப் பின்ரயரின் காற்று 14 பிஎஸ்ஐக்கு இறக்கப்பட்டிருந்தது. மணலில் காற்றை இறக்குவது சரி. ஆனால் தாருக்கு ஏறியபின் பம் அடிக்காமல் பரந்தன் வரை அப்படியே ஓடப்பட்டது. காற்றுக் குறைந்த ரயர் றிம்மை இறுகப் பிடிக்காது. அக்சிலரேற்றரை முறுக்கி ரேஸ் கொடுக்கும்போது றிம் சுற்ற, ரயர் ஒரு நூல் பின்தங்கும். ரியூப் ரயரோடு ஒட்டிப் போகும். வால்வு மட்டும் றிம்மின் துளையில் நிற்கும். இடைவெளி கூடக் கூட வால்வு சரிந்து, கடைசியில் அடியில் கிழியும்.

இதை வீதியிலேயே கண்டுபிடிக்கலாம். வால்வின் நட்டை றிம்மோடு இறுக்காமல் மேலே, மூடியோடு சேர்த்து விடவேண்டும். பலபேர் றிம்மோடு இறுக்கி வைப்பதால் வால்வு சரிவது தெரியாமல் உள்ளேயே கிழிகிறது. நட் மேலே இருந்தால், ரயர் நகர்ந்ததும் வால்வு சாய்ந்து நிற்கும். நேராக நிற்காத வால்வைக் கண்டால் காற்றை முழுவதும் இறக்கி, ரயரை எதிர்ப்பக்கம் சுற்றி நேராக்கியபிறகே ஓடலாம்.

நிரந்தரத் தீர்வு பின்சில்லுக்கு றிம் லொக் ஒன்று, அதாவது ரயரின் விளிம்பை றிம்மோடு அமுக்கிப் பிடிக்கும் கட்டை. றிம்மில் இன்னொரு துளை வேண்டும். வால்வுக்கு நேர் எதிரே வைத்தால் சமநிலை பெரிதாகக் குழம்பாது. துளையின் ஓரத்தை அரத்தால் உரசாமல் விட்டால் அதுவே அடுத்த ரியூபை வெட்டும். றிம் லொக் இல்லாத பைக்கில் பின்னுக்கு 18 பிஎஸ்ஐக்குக் கீழே போகவேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு. றிம் லொக் பூட்டிய இந்தப் பைக்குக்கு இப்போது குளிர்ந்த ரயரில் வைக்கும் அளவு: தாரில் முன் 25, பின் 30, கிரவலில் 20, 24, மணலில் 15, 16. தாருக்கு ஏறும் இடத்திலேயே பம் அடித்தாகவேண்டும். அதனால் பம் அடியில் புதையாமல் பையின் வாயிலேயே இருக்கவேண்டும்.

ரியூப் மாற்றும்போது கிழிவது பெரும்பாலும் ஆணியால் அல்ல, லீவரால். ரயரின் விளிம்பை றிம்மின் நடுப் பள்ளத்துக்குள் முழங்காலால் அமுக்கி வைத்தால் எதிர்ப்பக்கம் தானாகவே தளரும். மூன்று லீவரும் சவர்க்காரத் தண்ணீரும் போதும். புது ரியூபுக்கு முகப்பவுடர் தூவி, வடிவம் எடுக்கும் அளவுக்குக் கொஞ்சம் காற்று அடித்தபின் உள்ளே வைத்தால் மடியாது. உதிரியாக 21 அங்குல ரியூப் ஒன்று மட்டும் கொண்டுபோனால் போதும்: அவசரத்துக்கு, பின்சில்லின் 18 அங்குல ரயருக்குள்ளும் அது போகும். எதிர்மாறாக 18ஐ 21க்குள் நீட்டமுடியாது. வடமராட்சி கிழக்கில் உடைமுள்ளையும் பழைய முட்கம்பித் துண்டுகளையும் தவிர, பனைமட்டைக் கருக்கு ரயரின் பக்கவாட்டையே அரியும். ரயருக்கு உள்ளே வைத்து மறைக்கப் பழைய ரியூபில் உள்ளங்கை அளவு துண்டு ஒன்று வெட்டி வைத்திருக்கவேண்டும்.

மாற்றிப் பூட்டியது

பெட்டி கழன்றது. பெற்றோல் கலனும் கழன்றது: பைக்கின் பெற்றோல் தாங்கியே 13 லீற்றர், மணலில் ஒரு லீற்றருக்கு 25 கிலோமீற்றர் மட்டும் ஓடினாலும் 325 வரும். இந்தச் சுற்றில் அவ்வளவு தூரம் பெற்றோல் நிலையம் இல்லாத இடமே இல்லை. அடுப்பும் போனது. சாமான் 16 கிலோவுக்கு வந்தது.

அதில் 11 கிலோ, சீற்றின் இரு பக்கமும் தொடைக்குப் பின்னால் தொங்கும் துணிப் பைகளில். சீற் கவர் தைக்கிறவர்களிடம் தடித்த தார்ப்பாய்த் துணி கொடுத்தால் தைத்துத் தருவார்கள். வாயைச் சுருட்டிக் கட்டும் விதமாகத் தைக்கச் சொல்லவேண்டும். சிப் வைத்தால் மணல் ஏறி இரண்டாம் நாளே நின்றுவிடும். சைலன்சர்ப் பக்கத்துக்கு ஒரு அலுமினியத் தகடு இடைவெளி விட்டுப் பூட்டப்பட்டது, இல்லாவிட்டால் பை உருகும். பையின் நடு பின் அச்சுக்கு 200 மி.மீ. முன்னால் வருகிறது. மிச்சம் 5 கிலோ, அதாவது ஆயுதங்கள், ரியூப், ஒரு பங்கு தண்ணீர், தாங்கியின் இரு புறமும் முழங்காலுக்கு முன்னால் போனது. இரும்பு ஆயுதத்தைப் பின் பெட்டியில் வைப்பது நம்மிடையே பரவலாக உள்ள பழக்கம். எல்லாவற்றிலும் பாரமான பொருளுக்கு அதைவிட மோசமான இடம் பைக்கில் இல்லை.

திரும்பத் தராசில் நிறுத்தபோது முன்னுக்கு 105, பின்னுக்கு 143. சாமானில் குறைத்தது 8 கிலோதான். பின்சில்லில் இறங்கியது 17. மிச்ச 9 கிலோ, இடம் மாற்றியதால் மட்டும் கிடைத்தது, அது முழுவதும் முன்சில்லுக்குப் போய்ச் சேர்ந்தது. பின் ஷொக்கின் ஸ்பிரிங்கை இரண்டு படி இறுக்கியதும் தாழ்வு 56 மி.மீ. ஆனது. பின்பக்கம் உயர்வதால் பக்க ஸ்ரான்டில் பைக் கூடச் சாயும். ஸ்ரான்டின் காலுக்கு உள்ளங்கை அளவு தகடு ஒட்டினால் மணலிலும் புதையாது.

மற்ற வேலைகள் சின்னவை. உள்ளே அலுமினியம் வைத்த கைக்காப்பு முதலில் வேண்டும். விழுந்து கிளச் லீவர் முறிந்தால் பயணமே அங்கே நிற்கும். புதுக் கிளச் கேபிளைப் பழையதன் பக்கத்திலேயே ஓட்டிக் கட்டி வைத்தால் மாற்றப் பத்து நிமிடம் போதும். செயின் ஓடும் முன் பல்லுச் சில்லில் ஒரு பல் குறைக்க, மணலில் இரண்டாம் கியர் இழுக்காமல் திணறுவது நின்றது. இழுவை ஏறக்குறைய எட்டு வீதம் கூடும். தாரில் எஞ்சின் அதே அளவு கூடச் சுற்றும், அது இந்தப் பாதைக்குப் பரவாயில்லை. போன் ஏற்றும் வயருக்குப் பற்றறியின் அருகிலேயே பியூஸ்.

மணலும் களப்பும்

மணலில் இரண்டாம் அல்லது மூன்றாம் கியர், மிதியில் எழும்பி நின்று, இடுப்பு கொஞ்சம் பின்னால், முழங்கால் தாங்கியைப் பிடிக்க, கை தளர்வாக. கண் முன்சில்லைப் பார்க்காமல் முப்பது நாற்பது மீற்றர் தூரத்தில் இருக்கவேண்டும். ஹான்டில் ஆடத் தொடங்கியதும் பயத்தில் ரேசை மூடுவதுதான் விழுத்துகிறது: பாரம் முன்னுக்கு வந்து முன்சில்லு புதையும். ரேசைச் சற்றுக் கூட்டினால் முன்பக்கம் எழும்பி நேராகும். முன் பிரேக்கைத் தொடவேண்டாம். நிற்கவேண்டுமென்றால் ரேசை மெல்ல விட்டால் மணலே நிறுத்தும். இறக்கம் பார்த்து நிறுத்தினால் திரும்ப எடுப்பது சுலபம். மணற்காட்டு மணல் விடியற்காலையில் ஈரத்தோடு இறுகியிருக்கும். பத்து மணிக்குப் பிறகு அதே இடம் கணுக்கால் வரை வாங்கும். மண்கும்பிகளின் மேலே உள்ள செடிகொடிதான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. அதன்மேல் ஏற்றாமல் மீனவர்களின் உழவு மெசின் தடத்திலேயே போகவேண்டும்.

களப்பு வேறு. கோடையில் ஆனையிறவிலும் சுண்டிக்குளத்திலும் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும் தரை ஓடலாம் போலத் தெரியும். மேலே உப்புத் தோல், அடியில் கறுத்தச் சேறு. இறங்கி நடந்து குதிக்காலால் குத்திப் பார்த்து, கருமை மேலே வந்தால் திரும்பிவிடவேண்டும். அச்சு வரை புதைந்துவிட்டால் ரேஸ் கொடுக்கக்கூடாது. பைக்கைப் பக்கத்தில் சாய்த்துப் படுக்கவைத்து, சில்லு கிண்டிய குழியை நிரப்பி, வந்த வழிக்கே முகத்தைத் திருப்பி, பழைய கிடுகோ பனையோலையோ போட்டு, ஓட்டாமல் பக்கத்தில் நடந்துகொண்டே முதலாம் கியரில் வெளியே எடுக்கவேண்டும்.

முகமாலைப் பக்கமும் வன்னியிலும் மிதிவெடிப் பலகை நிற்கும் இடத்தில் வீதியின் ஓரத்துக்குக்கூட இறங்கவேண்டாம். பலகை இல்லாத காட்டிலும் ஊரவர் நாளாந்தம் போய்வரும் தடம் மட்டுமே பாதை. சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது; அதன் எல்லைக்குள் போக வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மாங்குளம் பக்கத்தில் யானை இறங்கும் நேரம் பொழுதுபடுகிற வேளை. அந்தத் துண்டைப் பகலிலேயே முடிக்கவேண்டும்.

இரண்டாம் சுற்று

அதே ஆள், அதே பாதை, மாற்றிய பைக். திரும்பியபோது போல்ற்றுகளின் வெள்ளைக் கோடு ஒன்றும் விலகவில்லை. மூன்று கம்பிக்குக் கால் சுற்றுத் தேவைப்பட்டது. புதுக் கம்பி தன் இடத்தில் அமரும்போது அது வழமை. வால்வு நேராக நின்றது. பாலத்தில் காற்று அடித்தபோதும் முன்சில்லு ஒதுங்கவில்லை.

தீராதது செயின். மணலும் உப்பும் சேர்ந்த பசை ஓட்டத்துக்கு நடுவிலேயே அதைத் தேய்க்கிறது. ஒவ்வொரு நாள் மாலையும் மண்ணெண்ணெயில் நனைத்த தூரிகையால் கழுவித் துடைத்து எண்ணெய் விடவேண்டும். றப்பர் வளையச் செயினுக்குப் பெற்றோல் கூடாது, வளையம் கெட்டுவிடும். வீடு வந்த அன்றே முழுப் பைக்கையும் நல்ல தண்ணீரில் கழுவவேண்டும். கரையோரத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் உப்பை இன்னொரு தடவை பூசுவதுதான் நடக்கும். சில்லின் நடுக்குடத்துக்கும் செயினுக்கும் அழுத்தப் பம்மின் தாரையை நேராகப் பிடிக்காமல், வாளித் தண்ணீரும் துணியும் கொண்டு கழுவி, பத்து நிமிடம் ஓட்டிக் காயவைத்தபிறகு நிறுத்தவேண்டும்.